பச்சை இலை ஒட்டிய ஒயின்

வியாழன், இரவு

ஏனுங்க நோட்டு, சௌக்கியமுங்களா? எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கார் ஓட்டுகிற பனியன் கம்பெனி முதலாளியை நினைத்தால் அவ்வளவு எரிச்சல்.

ஆர்கானிக் பருத்தியில் பனியன் வாங்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவருக்குப் பரிசாக ஆர்கானிக் ஒயின் வாங்க முதலாளியும் நானும் போனோம். பாட்டிலின் பின்பக்கம் ஆர்கானிக் சான்று முத்திரை பார்த்து வாங்கச் சொன்னார் கடைக்காரர்.

"முத்திரை என்னத்துக்கு கண்ணு? பச்சை எலை போட்டிருக்குதல்லோ, அதையே குடு" என்றார் முதலாளி. சர்டிபிகேட் இல்லாமல் நூல் வந்தால் லாரியையே திருப்பி அனுப்புகிற மனுஷன்! எங்கள் ஊர் எருமைகூட மோந்து பார்த்துத்தான் தொட்டியில் வாய் வைக்கும்.

கம்பெனியில் பரிசை வாங்கியதும் அந்த அம்மா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "வெறும் இலைப் படம்தான் இருக்கு. உங்க பனியனும் இப்படித்தான் ஆர்கானிக்கா சார்?"

"அட, அது வேறைங்க, இது வேறைங்க" என்று இளித்தார் இவர். அம்மா ஆர்டர் கொடுக்காமலே கிளம்பிவிட்டார்.

எங்கள் நூல் அசல் ஆர்கானிக்தான். இனி யார் நம்புவார்கள்? அந்த ஆர்டருக்காக மண்ணரை ஊரில் இருக்கிற எங்கள் தையல் யூனிட்டில் டெய்லர்கள் வேலையில்லாமல் காத்திருக்கிறார்கள். இவரோ வண்டியில், "பொம்பளைக்கு ஒயினப் பத்தி என்ன தெரியும்" என்கிறார். நாளைக்கு டெய்லர்கள் என்னைக் கேட்டால், உங்கள் பிழைப்பை ஒரு இலைப் படத்துக்கு விற்றுவிட்டு வந்தார் என்று எந்த வாயால் நான்...

லைட்டை அணைக்கச் சொல்லி வீட்டுக்காரி கத்துகிறாள். இரு புள்ளே, லைட்ட நிறுத்தீட்டு வர்றேன்