நிமிடத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். நீங்களும் பாப்பாவும் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். வெயிலில் மூக்குநுனி மட்டும் தோலுரிந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிரிப்பாகப் போய்விட்டது.

இங்கே மலையேற்ற முகாமில் ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதீர்கள். தினமும் காலையில் மலையேறும் முன் டாக்டர் கூடாரம் கூடாரமாக வந்து நாடி பார்ப்பார். செவ்வாயன்று என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"நூத்திப்பன்னெண்டு! என்ன டீச்சர், படுத்துக்கிட்டே மலை ஏறிட்டீங்களா? உடற்பயிற்சி டீச்சருக்கே இப்படின்னா பிள்ளைங்க கதி?"

உயரம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, இரண்டு நாள் ஏறக்கூடாது என்றுவிட்டார். ஆறு மாதம் நான் ஓடவிட்டுப் பழக்கிய பிள்ளைகள் நான் இல்லாமலே சிகரம் தொட்டுத் திரும்பினார்கள். கீழே நின்று கை தட்டினேன்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் சாமான் வண்டியில் உங்கள் கடிதம் வந்தது. ஷூ வாங்க அளவு கேட்டேனே, அதற்குப் பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்திருந்தீர்கள். கட்டைவிரல் பக்கம் கோடு கோணியிருந்தது. கூச்சத்தில் காலை இழுத்திருப்பாள், இல்லையா?

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். கயிறு தோளில் உரசுகிறது, மடித்து வைத்துக்கொள்ளலாம். துவைக்க மெனக்கெட வேண்டாம்.

விசில் ஊதிவிட்டார்கள், ஓட வேண்டும். இனிக் கடிதம் போட்டால் சனிக்கிழமை மாலை வண்டிக்கு வரும்படி போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் நாடி பார்ப்பதில்லை.

உங்களவள்