இலையோடு போன பொற்றகடு

நலமே பெருகுக. மாதம் மும்மாரி பொழிக.

செங்குன்றம் ஏழினையும் ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், மதம் கொண்ட யானையை மலையடிவாரத்தில் மடக்கியவரும், தெத்துப்பல் தீர்த்த பெருமானும் (இக்கடைசி விருதுப்பெயர் கடந்த மாசி வரையே செல்லும்) ஆகிய மன்னர் அடலேற்று மார்பர் திருவுள்ளப்படி, அவர் வாய்ச்சொல் கேட்டு ஓலையில் ஏற்றும் ஓலைநாயகம் மாறன் குழைக்காதர் எழுதியது.

முத்து விளையும் கயல்வாய்த் துறைக்கு உரியவரும், புயலுக்கு அஞ்சாக் கலங்களை உடையவருமான பேரரசி ஆழிநங்கையார் திருமுன் காண்க. தங்கள் கோட்டைக் கதவு உளுக்காமலும், தங்கள் குடிகள் நூறாண்டு தம் பல்லால் தாமே மென்று உண்டும் வாழ்க.

தங்கள் ஓலையில் செய்தி இரண்டு இருந்தன. கடந்த ஆவணியில் தங்கள் அரண்மனை விருந்தில் எங்கள் மன்னர் இலையில் வைத்துச் சென்ற பொன்னணிக்கு நன்றி என்பது ஒன்று. இரவலாக அனுப்பிய பல்வைத்தியர் நல்லிழையார் ஏன் இன்னும் திரும்பவில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒன்றே. உண்மையை எழுதுக, ஆயின் அது உண்மைபோலத் தோன்றலாகாது என்று மன்னர் பணித்தருளினார். குழைக்காதர் முதற்பகுதியை நிறைவேற்றியுள்ளார்.

மூன்றாண்டுக்கு முன் தங்கள் மண்டபத்தில் தம் ஓவியத்தை மன்னர் கண்டதே தொடக்கம். எங்கள் புலவர்கள் முப்பது ஆண்டு முல்லையரும்பு என்று பாடிய வாயில், முன்பற்கள் இரண்டும் வாசலைத் தாண்டி நிற்க, கோரைப்பல் ஒன்று பரண்மேல் ஏறியிருந்தது. தங்கள் ஓவியர் கண்டதைக் கண்டபடி எழுதும் நோயுடையவர். மன்னர் அன்றே தங்களிடம் பல்வைத்தியரைக் கேட்டார். தாங்களும் மனமுவந்து நல்லிழையாரை அனுப்பினீர்கள்.

அனுப்பியது தங்களுக்கு எளிது. வந்தது அவருக்கு எளிதன்று. கயல்வாயில் பதினொருவர் வாயில் கம்பி கட்டி, வேலை பாதியில் நிற்க, விட்டுவந்தார். அவருடைய தங்கை அக்கம்பிகள் அறாமல் காப்பாரேயன்றி முறுக்கேற்ற அறியார். வலைஞர் மகள் நெய்தலி என்பவள் சிரிக்கும்போதெல்லாம் முன்றானையால் வாயை மூடுபவள். அவள் முன்பல் இடைவெளி பாதி அடைபட்டு அப்படியே நிற்கிறது. இன்னும் மூடிக்கொண்டே சிரிக்கிறாள் என்று தங்கை எழுதும் ஓலை வரும்போதெல்லாம் நல்லிழையார் அதைத் தம் இடுக்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்.

நாற்பது நாளில் பற்கள் நேராக வேண்டும் என்றார் மன்னர். எலும்பு தன் கணக்கில் இளகும், தன் கணக்கில் இறுகும், வேகமாக இழுத்தால் பல் நேராகாது, கையோடு வரும் என்று வைத்தியர் விண்ணப்பித்தார். தேன்மெழுகில் அச்செடுத்து, இடம் போதாத வரிசையில் இரண்டு பல்லைப் பிடுங்கி, பொன்வளையம் பூட்டிக் கம்பி கோத்தார். முழுமதிதோறும் அரைச்சுற்று முறுக்கு, அதன்பின் மூன்று நாள் கஞ்சி. தமக்கு ஆசை எழலாகாது என்று மன்னர் நாடெங்கும் முறுக்கையும் கரும்பையும் தடை செய்தார். பல்லே இல்லாத கிழவர்களும் அவ்வாணைக்கு அடங்கினர். கம்பியால் மன்னர் நாக்குழற, அவையோர் அனைவரும் தாமும் குழறிப் பேசக் கற்றனர்.

கீழைவாயிலில் நல்லிழையார் குடிகளுக்கும் வைத்தியசாலை திறந்தார். வந்த வரிசைப்படி எண்ணிட்ட ஓலைச்சீட்டு, சீட்டின்படியே இருக்கை. தேர்ப்படைத் தலைவர் தம் நாளில் வராமல் பத்து நாள் கழித்து வந்து, வரிசை தாண்டி அமர்ந்து, கம்பி தானே அறுந்தது என்று சாதித்தார். பல்லிடுக்கில் கரும்புச் சக்கை இருந்தது. அவருக்கு மறுபடி கடைசிச் சீட்டே கிடைத்தது. குழைக்காதரும் அங்கே கீழ்வரிசை திருத்தப்பெற்றவர், சீட்டோடு காத்திருந்தவர்.

பதினெட்டாம் திங்களில் மன்னரின் பற்கள் நேராயின. அவை மெய்யாகவே அழகாயிருந்தன. இதில் முகத்துதி இல்லை. கம்பியைக் கழற்றி, அண்ணத்தோடு ஒட்டும் மெல்லிய பொற்றகடு ஒன்றைச் செய்து தந்த வைத்தியர், பல்லுக்குப் பழைய இடத்தின் மேல் ஆசை எளிதில் அறாது, உண்ணும்போது தவிர மற்றெப்போதும் இத்தகடு வாயில் இருக்கவேண்டும் என்று மும்முறை சொன்னார். ஓராண்டு கழித்து, கம்பி கழற்றிய அன்று எடுத்த மெழுகச்சோடு மன்னரின் பற்கள் ஒத்தால் வைத்தியர் ஊர் திரும்பலாம், ஒவ்வாவிடில் ஒக்கும்வரை இங்கேயே இருக்கவேண்டும் என்பது இரு நாடும் முத்திரையிட்ட உடன்படிக்கை. வைத்தியர் நாள் எண்ணத் தொடங்கினார்.

இனித் தங்கள் விருந்து. மன்னர் தகட்டைக் கழற்றி இலையோரத்தில் உப்புக்கும் ஊறுகாய்க்கும் நடுவே வைத்தார். பால்பாயசம் மூன்றுமுறை வந்தது. விருந்து நிறைவென்று காட்ட இலையைத் தம் பக்கமாகவே மடித்து, தங்களை வாழ்த்தி எழுந்தார். மூன்று காதம் கடந்தபின் தேரில் அவர் நாவால் அண்ணத்தைத் துழாவியதை அருகிருந்த குழைக்காதர் கண்டார். மறதி என்பது மன்னர்க்கு இல்லை. ஆகவே தகடே மன்னரை மறந்தது எனக் கொள்க. அன்றுமுதல் ஆறு திங்கள், தகட்டுக்குரிய தந்தப் பேழை வெறுமையாகவே சங்கொலியோடு பள்ளியறைக்கு எழுந்தருளிவந்தது.

மாசியில் அச்சு ஒவ்வவில்லை. கோரைப்பல் மீண்டும் பரண் நோக்கிப் புறப்பட்டிருந்தது. வைத்தியம் பழுது, உடன்படிக்கைப்படி வைத்தியர் இங்கேயே இருக்க என்று மன்னர் தீர்ப்பளித்தார். தகட்டைக் காண வேண்டும் என்றார் நல்லிழையார். பேழை பூசையில் இருக்கிறது என்று விடை வந்தது. மறுநாள் கேட்க, இராகுகாலம் என்று வந்தது. இருபதாண்டில் செட்டிகளும் மாலுமிகளும் மணமகன்களும் தகடு வீட்டில் பத்திரமாக இருப்பதாகத் தம்மிடம் சொல்லியதுண்டென்றும், அவ்வீடுகளில் ஒன்றிலும் அது இருந்ததில்லையென்றும் அவர் குழைக்காதரிடம் சொல்லி, அன்றுதான் முதன்முறையாக அழுதார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறோம். அதற்காகப் பிறர் வாழ்வை அடகு வைப்பதைக் குழைக்காதர் அங்கேதான் கண்டார். கண்டும் பேசாதிருந்தார். அது அவர்க்கு இன்றும் வெட்கம்.

பங்குனியில் தங்கள் தூதர் வந்து நிறைந்த அவையில் தங்கள் நன்றியோலையைப் படித்தார். இலைக்குள் பொன் வைத்துச் செல்லும் விருந்தினர் அவ்வீட்டார் குலத்தை வாழ்த்துவர் என்பது கயல்வாய் வழக்கென்றும், கிடைத்த அணியை எங்கே அணிவதெனத் தங்கள் பொற்கொல்லர் அவை ஆறு திங்கள் ஆய்ந்து நெற்றிக்கே உரியதெனத் தெளிந்ததென்றும், அதனைச் சூடித் தாங்கள் தேரேறினீர்கள் என்றும் படித்தார். கடற்கரை மணலில் அலையிட்ட வரிகள்போல் அதில் வரிகள் உண்டென்றும், இருபுறமும் கம்பி அழகுறச் சுருண்டதென்றும் வியந்தார். அவ்வரிகள் எங்கள் மன்னரின் மேலண்ணத்துக்கு உரியவை.

மன்னர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அமர்ந்திருந்தார். நல்லிழையார் எழுந்தார். மறுபடி கம்பி பூட்ட அழைக்கப்பட்டிருந்தமையால் அதே அண்ணவரிகள் பதிந்த மெழுகச்சு அவர் கையிலேயே இருந்தது. அதைத் தூதரிடம் நீட்டியிருந்தால் இரு நாடும் சிரித்திருக்கும். அவர் நீட்டவில்லை. தம் பற்கள் பழைய கோலத்துக்குத் திரும்பும் என்று அறிந்தும், அவற்றைக் காத்துநின்ற தகட்டையே நட்புக்காகக் கழற்றித் தந்த வள்ளலைத் தாம் கண்டதில்லை என்று மட்டும் சொல்லி வணங்கினார். இடம் விட்டு மெல்ல நகர்த்துவது அவர் தொழில்.

 மன்னர், ஆம், கொடுத்தோம் என்றார். கொடுத்ததென்றால் தகடு வாயில் இல்லை. தகடு இல்லையென்றால் பல் திரும்பியது வைத்தியரின் பிழையில்லை. அதைக் குழைக்காதர் எழுந்து அவையில் உரக்கச் சொன்னார். ஒரு திங்கள் தாமதமாகவேனும் சொன்னார். வைத்தியர் விடுதலை பெற்றார். புலவர்கள் தகடீந்த படலத்தில் நாற்பது பாடல் முடித்துவிட்டனர்.

இன்று காலை மன்னர்க்குப் புதுக்கம்பி பூட்டி முதல் முறுக்கும் ஏற்றியபின், நல்லிழையார் இவ்வோலையோடு புறப்பட்டார். அடுத்த முறுக்குக்கு மன்னரே முழுமதிதோறும் கயல்வாய் வருவார்.

ஆதலின் தாங்கள் செய்தருள வேண்டுவன: அப்பொன்னணியைத் திருப்ப வேண்டா, மன்னரின் பற்கள் இடம் மாறியதால் அது இனி அவர்க்குப் பொருந்தாது. அடுத்தமுறை சூடுமுன் உப்புநீரில் கழுவச் செய்க.

கயல்வாயில் நல்லிழையார் வைத்தியசாலை வாயிற்காவலர்க்கு ஆணை: முதற்சீட்டு வலைஞர் மகள் நெய்தலிக்கு. பாதியில் நின்ற மற்றைப் பதின்மர் அடுத்து. பன்னிரண்டாம் சீட்டு செங்குன்ற மன்னர்க்கு. இராகுகாலம் என்றாலும், கம்பி தானே அறுந்தது என்றாலும், யானையோடு வந்து நின்றாலும் வரிசை மாறலாகாது.

இது மன்னர் ஆணை. தாடை வலியால் மன்னர் இதனைப் படித்தருளவில்லை. முத்திரை மட்டும் இட்டருளினார்.

பங்குனி, முழுமதிக்கு மறுநாள். ஏறு பொறித்த முத்திரை. மாறன் குழைக்காதர் எழுத்து.