வேன் பட்டியலை யார் ஏற்றுவது?

10 ஜூன் 2025, செவ்வாய்

இன்றும் டிரஸ்ட் ஆபீஸில் கரண்ட் இல்லை. அங்கே மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் நான் எழுதிய வெப் ஆப் ஓடுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளை ஊர் ஊராக ஏற்றி வரும் வேனுக்கு, யாரை எங்கே எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று காட்டுவது. கம்ப்யூட்டர் அணைந்ததும் பட்டியலும் போய்விட்டது.

வேன் ஓட்டும் முத்துச்செல்வம் அண்ணாச்சி போன் போட்டார். "இலஞ்சியில நிக்கேன் அதீபா. அடுத்தது யாரும்மா?"

ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னேன்.

12 ஜூன்

வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்தாயிற்று. இனி தென்காசியில் கரண்ட் போனாலும் கவலையில்லை. ஆனால் பட்டியல் மாறும்போதெல்லாம் அதில் எப்படி ஏற்றுவது? என் லேப்டாப்பிலிருந்து ஃபைல்களைக் கையால் அனுப்பலாம். அல்லது ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைக்கலாம். அதுவே சோதித்துப் பார்த்து, சரியென்றால் மட்டும் ஏற்றும்.

துபாயிலிருந்து தம்பி முஃபீத் சொன்னான்: "லாத்தா, ரெண்டு நாள் ஒக்காந்து ஸ்கிரிப்ட் எழுதிரு. கையால ஏத்துனா என்னைக்காவது தப்பும்."

ரெண்டு நாளா? கம்பெனி வேலை, வீடு, பிள்ளைகள் போக எனக்கு எங்கே இருக்கு ரெண்டு நாள்? கையாலேயே ஏற்றிக்கொள்கிறேன்.

19 ஜூன்

ஏற்றினேன்.

26 ஜூன்

ஏற்றினேன். உடம்பெல்லாம் வலி. அச்சன்புதூரிலிருந்து புதிதாக ஒருவர், பேராச்சி. பீடி சுற்றுகிறவர்.

1 ஜூலை, செவ்வாய்

என்ன செய்து வைத்திருக்கிறேன்.

நேற்று அனுப்பிய ஏழு ஃபைல்களில் ஒன்று பழையது. பேராச்சி சேருவதற்கு முந்தையது. அதனால் இன்றைய பட்டியலில் அச்சன்புதூரே இல்லை. அவர் ஆறு மணியிலிருந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதரைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவருடைய முறை போய், ஆக்சிஜன் வைத்து, மதியம் இரண்டு மணிக்குத்தான் மெஷினில் போட்டார்கள்.

"லிஸ்ட்ல இல்லன்னு நான் பாட்டுக்கு வந்துட்டேனே," என்கிறார் அண்ணாச்சி. அவர் என்ன செய்வார்? தப்பு பண்ணது நான்லா.

2 ஜூலை

பேராச்சி வீட்டுக்குப் போனேன். கால் இன்னும் வீங்கியிருந்தது. தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவர் கேட்டது இதுதான்: "நாளைக்கு வேன் வருமா?"

அவர் முன்னாலேயே போனில் நாளைய பட்டியலைத் திறந்து, அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்தேன்.

5 ஜூலை, சனி

இரண்டு நாள் லீவு. ஸ்கிரிப்ட் முடிந்தது.

இதை முன்பே எழுதாததற்கு நேரம் இல்லாததுதான் காரணமா? இல்லை. வேறு யாரும் இதைத் தொடக்கூடாது என்றும் இருந்தது எனக்கு. எல்லாம் என் கையில் — அப்படி ஒரு பெருமை. சை.

8 ஜூலை

டிரஸ்ட் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் ராபியாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆள் சேர்த்து, பொத்தானை அழுத்தினால் போதும்.

"நான் அமுக்கி எல்லாம் போயிட்டுன்னா?"

"போவாது. தப்புன்னா அதுவே நிறுத்திரும். ஏத்துன பொறவு கோளாறுன்னா இந்தப் பொத்தான். பழையது வந்துரும்."

அவள் நம்பவில்லை. வேண்டுமென்றே ஒரு பெயருக்கு ஊரை அழித்துவிட்டு அழுத்தச் சொன்னேன். சிவப்பு வந்தது. ஏற்ற மறுத்துவிட்டது. ராபியா சிரித்துவிட்டாள். இன்னும் நாலு தடவை அழித்து அழித்துப் பார்த்தாள்.

21 ஜூலை

ராபியா ஏற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன். மறுபடி மறுபடி நானே திறந்து பார்த்தேன்.

2 ஆகஸ்ட், சனி

ஒன்பதரை மணிக்கு ராபியா போன். "சுந்தரபாண்டியபுரத்துல புதுசா ஒருத்தர். காலைல அவசரமா சேக்க வேண்டி இருந்துச்சு. மொத தடவ நேரத்தத் தப்பா போட்டுட்டேன், அதுவே நிறுத்திருச்சு. சரிபண்ணி ஏத்திட்டேன். ஒங்கள கூப்ட்டேன், நீங்க எடுக்கல."

"ஆள ஏத்தியாச்சா?"

"ஏழு மணிக்கு அண்ணாச்சி ஏத்திட்டு வந்துட்டாவ."

ஏழு மணிக்கு நான் ஐந்தருவியில், பிள்ளைகளோடு, தலையை நீட்டிக்கொண்டு நின்றேன். முடி இன்னும் காயவில்லை.