சுகம் என்று சாட்சி சொன்ன பிறகு

இன்று காலை உன் மனைவி போடியிலிருந்து பஸ் ஏறித் தேனிக்கு வந்து, என் பெயருக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பது உங்கள் சபை வழக்கம். வீட்டாருக்கெல்லாம் எடுத்த பிறகு, கோவிலுக்கும் போகாத சர்ச்சுக்கும் வராத எனக்கும் ஒன்று எடுப்பது உன் வழக்கம். நீ கண்ணை மூடிய பிறகும் அவள் அதை விடவில்லை. அட்டையில் சூரியோதயம், ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் ஓர் ஆசீர்வாதம். பார்த்ததும் பழைய எரிச்சல்தான் முதலில் வந்தது. நீ இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது அதற்கும் ஆள் இல்லை.

உன் ஏலக்காய்க் கடையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் வருசா வருசம் ஆரம்பிப்பேன்: "ஏன்டா, அந்தப் பெட்டியில ஒரு அழுகை வசனமாவது இருக்கா? உங்க வேதத்துல புலம்பலுக்குன்னே தனியா ஒரு புத்தகம் இருக்கு. நீங்க பச்சைக் காயை மட்டும் பொறுக்கிப் போட்டு வச்சிருக்கீக."

"ஒடஞ்ச காயை எவன்டா காசு குடுத்து வாங்குவான்? வருசம் பொறக்குறப்ப ஒப்பாரியவா கையில குடுக்க முடியும்?" என்பாய். பிறகு அந்தப் பெண்களிடம் என்னைக் காட்டி, "மார்க்கையன்கோட்டையில நெல்லு வெதச்ச குடும்பம். எங்க வேதத்துக்கு வக்கீலா வந்துருக்காரு புரபசரு" என்று சிரிப்பாய்.

கல்லூரியில் மதங்களைப் பற்றிப் பாடம் எடுத்தே தலை நரைத்தவன் நான். அதனால் வாயை மூட முடியவில்லை, இன்றும் சொல்கிறேன். உங்கள் வேதத்தில் சங்கீதங்கள் என்கிற ஜெபப் பாடல்களை எழுதியவர்கள் கடவுளிடம் முறையிட்டார்கள், கோபப்பட்டார்கள், எங்கே போனாய் என்று கேட்டார்கள். அதையெல்லாம் கழித்துவிட்டு, நல்ல வார்த்தை நாலை மட்டும் படம் போட்டுக் கைப்பேசியில் அனுப்புகிற காலம் இது. உங்கள் ஆட்கள் மட்டுமா? எங்கள் பக்கமும் விடிந்தால் போதும், கவலைப்படாதே, நல்லதையே நினை என்று எவரோ ஒரு சாமியார் வந்துவிடுகிறார். சிரித்த முகமாக இருப்பதே பக்தி என்று ஆகிவிட்டது.

இதெல்லாம் வெறும் வாதமாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. பிறகு மதுரையில் உனக்கு நுரையீரலில் கட்டி என்று சொன்னார்கள். வைத்தியம் பாதியில் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி சபையில் எழுந்து நின்று, "ஆண்டவரு என் வீட்டுக்காரருக்குப் பூரண சுகம் குடுத்துட்டாரு" என்று சாட்சி சொல்லிவிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. கிடைத்துவிட்டது என்று வாயால் சொன்னால்தான் கிடைக்கும் என்று நம்பினாள். ஆனால் அன்றிலிருந்து நீ சுகமாக இருந்தே ஆகவேண்டியதாயிற்று. கடைவீதி முழுக்க உன் கையைப் பிடித்துக் குலுக்கியது. நீ முகத்துக்குப் பவுடர் போட்டு, மெலிந்த கை தெரியாமல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாய். இருமல் வந்தால் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் போய் நின்று இருமினாய்.

நீ படுக்கையோடு ஆன பிறகு ஒரு சாயங்காலம் வந்தேன். வாசலிலேயே அவள் என்னை நிறுத்தினாள்.

"அண்ணே, உள்ள போயி பயம், சாவுன்னு எதுவும் பேசிறாதீக. பாஸ்டர் சொல்லிருக்காக, சுகம்னு மட்டுந்தேன் வாயால அறிக்கை பண்ணணுமாம்."

அவள் மேல் கோபம் வந்தது. முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. பல நாள் தூங்காத முகம். அழுதால் உன்னைத் தானே கொன்றதாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நீ கண்ணைத் திறந்து, "ஏலே, அந்த ஒப்பாரியை வாசிடா. அடிக்கடி சொல்லுவேல்ல, கடைசி வரைக்கும் விடியாதுன்னு. அது" என்றாய்.

தலைமாட்டில் இருந்த உன் வேதாகமத்தை எடுத்து அந்தச் சங்கீதத்தை வாசித்தேன். வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியதுதான். குழிக்குள் கிடப்பவன் கூப்பிடுகிறான், பதில் இல்லை, சிநேகிதர்களும் போய்விட்டார்கள், இருட்டோடு முடிகிறது.

"அடுத்து?" என்றாய்.

"அம்புட்டுத்தான். முடிஞ்சிருச்சு."

"ஸ்தோத்திரம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லடா."

நீ கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "இதையும் வேதத்துக்குள்ளதான வச்சிருக்காக. எழுதுனவன் விசுவாசம் பத்தாதுன்னு வெளிய தள்ளலயே" என்றாய். பிறகு கதவோரம் நின்றவளைப் பார்த்து, "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாய்.

அவள் பாஸ்டர் பெயரை எடுப்பாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கட்டிலில் வந்து உட்கார்ந்து உன் காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும்தான்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதீர்கள். நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன், கண் தெரியவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் நீங்கள் கடையைப் பற்றி, மகள் கல்யாணத்தைப் பற்றி, எந்தக் கல்லறைத் தோட்டம் என்பதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். அடக்கம் முடிந்த ஞாயிறு அவள் மறுபடியும் சாட்சி சொல்ல எழுந்தாள். அன்று மட்டும் நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். "அவுக பயந்துக்கிட்டேதான் போனாக. ஆண்டவரு கூடத்தான் இருந்தாரு" என்றாள். சபையில் யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார்.

எனக்கு இன்னும் விசுவாசம் வரவில்லை, அதில் மாற்றமில்லை. ஆனால் போன வாரம் மருத்துவர் எனக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சொல்லாமல் ஒரு வாரம் சிரித்த முகமாகத் திரிந்தேன். நேற்று அடுப்படிக்குப் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.