படிப்பின் மறுபாதி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். போன் மணி அடிக்கிறது, நீதான் எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் போகிறது. கடிதமென்றால் பாதியில் துண்டிக்க முடியாதே என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு அடுத்த மாதம் விடுதலை. வீட்டுக்கு வருவதா, வேறு எங்காவது அறை பார்த்துக்கொள்வதா என்பதை நீதான் சொல்ல வேண்டுமாம். நான் சொன்னால் போதாதாம். "புள்ள வாயால வரட்டும்" என்று பிடிவாதம். உள்ளே போயும் அந்தக் குணம் மட்டும் மாறவில்லை.

எனக்குச் சந்தோஷமா, வருத்தமா என்று நீ கேட்பாய். ஒன்றுமே தோன்றவில்லை. செய்தி வந்த அன்றும் வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை உலர்த்தும் இயந்திரத்திலிருந்து எடுத்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தேன். விரிப்பு சூடாகத்தான் இருந்திருக்கும். கையில் உறைக்கவில்லை. கால் மரத்துப்போனால், தரையில் ஊன்றிவிட்டோமா என்று குனிந்து பார்த்துத்தானே நிச்சயம் செய்துகொள்வோம், அப்படி இருக்கிறேன். ஒரு பாட்டம் அழுதுவிட்டால் சரியாகிவிடும் என்கிறாள் உன் சித்தி. வந்தால் அழ மாட்டேனா?

சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் அம்மா நீ என்ன படிக்கிறாய் என்று மறுபடியும் கேட்டாள். வியாபாரப் படிப்பு என்றேன். "அப்ப கடை வைக்கப் போறாளா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இத்தனை நாளும் எல்லாரிடமும் அந்தப் பாதியைத்தான் சொல்லிவருகிறேன். குற்றவியலும் நீதியும் என்கிற மறுபாதியைச் சொன்னால், "அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி, வீட்டுலயே பாடம் இருக்கே" என்று யாராவது வாய்விட்டே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் மனதுக்குள் நினைத்தாலும் எனக்குக் கேட்கும். அப்பாவிடமும் வியாபாரம் என்றே சொல்லியிருந்தேன். "என்னைப் பாத்துமா அந்தப் புள்ள வியாபாரம் படிக்குது" என்று சிரித்தார்.

இரண்டையும் சேர்த்துப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, ஏன் என்று நான் கேட்கவில்லை. தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டிப் புத்தம் புதிது என்று விற்றாரே, அதை வியாபாரம் என்று அப்பா சொன்னார், குற்றம் என்று நீதிபதி சொன்னார். நடுவில் நீ நின்றாய். முதல் வருடம் நீ எழுதியது நினைவிருக்கிறது. காலையில் ஒரு கட்டடத்தில் வாடிக்கையாளரின் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது என்று பாடம், மத்தியானம் எதிர்க் கட்டடத்தில் நம்பிக்கை மோசடி, இரண்டுக்கும் ஒரே நோட்டு என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரிப்பாவது வந்தது.

போன சனிக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "அவ படிக்கிறது வெறும் வியாபாரம் இல்ல, அப்படித்தானே?" என்றார். அப்புறம் எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

உங்கள் வகுப்பைச் சிறை பார்க்க அழைத்து வந்தார்களாமே. அப்பா தச்சுக்கூடத்தில் வேலையாக இருந்தாராம். வரிசையில் உன்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாராம், உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று. போதாத காலம், அதிகாரி அவரைத்தான் முன்னால் கூப்பிட்டிருக்கிறார், நன்றாகப் பேசுவார் என்று. பேசத்தானே தெரியும் அவருக்கு. தான் செய்த ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்காட்டி விளக்கியிருக்கிறார். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டாராம். நீ கேட்டாயாம்: "ஐயா, இது எவ்வளவு நாள் தாங்கும்?"

அந்தக் கேள்விக்கு அவர் கடையில் சொல்லிவந்த பதில் உனக்கும் எனக்கும் மனப்பாடம். "கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க." அந்த வேன் ஓட்டுநரிடமும் அதையேதான் சொன்னார். டயர் வெடித்து அந்த ஓட்டுநர் இறந்துபோன பிறகு, அவர் மனைவி நீதிமன்றக் கூண்டில் நின்று அதே வார்த்தையைச் சொன்னபோது நீ என் கையைப் பிடித்திருந்தாய். அந்தப் பெண்ணை இப்போதும் பேருந்தில் பார்க்கிறேன். பார்த்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துவிடுகிறேன். பாதிக்கப்பட்டவர் சொல்வதை முதலில் கேட்க வேண்டும் என்று உங்கள் பாடத்தில் இருப்பதாக எழுதினாயே, அதைப் படித்த பிறகும் இறங்கித்தான் நடக்கிறேன்.

தச்சுக்கூடத்தில் நீ கேட்டபோதும் அப்பாவுக்கு அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததாம். விழுங்கிவிட்டு, "தெரியலம்மா. இது ஒட்டுப்போட்ட மரம். பாத்துத்தான் உக்காரணும்" என்றாராம். நீ தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாயாம். வரிசை நகர்ந்துவிட்டது.

கூட நின்றவர்களுக்கு அது மரியாதைக்குச் சொல்கிற 'அம்மா'. எந்தப் பெண்ணையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து உன்னை அவர் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும். ஆனால் நீ சொன்ன 'ஐயா' அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "சரியாத்தான் கூப்பிட்டா" என்கிறார். கோபமில்லை. "ஒரு பொருளக் கையில வச்சுக்கிட்டு உள்ளத உள்ளபடி நான் சொன்னது அன்னிக்குத்தான்" என்றார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்த ஊர்வரைக்கும் வந்தவள் வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று கேட்கவில்லை, சும்மா சொல்கிறேன். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறேன், பச்சை.

நாளைக்கு மேற்பார்வையாளர் அம்மாவிடம் உன் படிப்பின் முழுப் பெயரையும் சொல்லிவிடப் போகிறேன். என்ன நினைக்கிறாளோ நினைத்துக்கொள்ளட்டும்.

அப்பாவை மன்னித்துவிடு என்று நான் எழுதவில்லை. நானே மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று நீ சொன்னால் அவர் இந்தப் பக்கமே வர மாட்டார், நானும் உன்னை நச்சரிக்க மாட்டேன். ஆனால் விடுதலையாகிற அன்றைக்குச் சிறை வாசலில் நான் ஒருத்தி மட்டும் நின்றால், அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது சிட்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இரண்டு பாதியையும் நல்லபடியாகப் படித்து முடி, என் ஆயுளும் சேர்ந்து உனக்கு இருக்கட்டும். அப்பா என்று வாயில் வராவிட்டால் ஐயா என்றே கூப்பிடு. வந்து கூப்பிடு.

உன்
அம்மா