சிவப்பு நட்டு

ஆவணி 23, திங்கள்

சுகர் 186. டாக்டரம்மா இந்த நோட்டில் நம்பரை மட்டும் எழுதி வரச் சொன்னார். நம்பருக்கு ஒரு வரி போதும். மீதிப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது.

வாசலில் அந்த மிலிட்டரி லாரி வந்து நின்று மூன்று மாதமாகிறது. பட்டாளத்தில் கழித்து ஏலம் விட்டது. பேத்தி மௌனிகா பிடித்துக்கொண்டு வந்தாள். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். நாலு சக்கரமும் இழுக்குமாம், சேறு, பாறை, ஆறு எதிலும் போகுமாம். இதுவரை வாசலைத் தாண்டவில்லை.

என் மகன் நவநீத்துக்கு அந்த இடத்தில் தகரக் கூரையோடு ஒரு தறிச் செட்டு போட வேண்டும். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "கார்த்திகையில மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுல சேத்துல வண்டி ஓட்டற போட்டி வெக்கறாங்கன்னியே. அதுக்கு இந்த வண்டி தானா போயி தானா வரட்டும். இல்லீன்னா பழைய இரும்புக்குத்தான்."

"சரிங்ப்பா" என்று லாரிக்கடியில் இருந்து சத்தம் மட்டும் வந்தது.

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

புரட்டாசி 3, வெள்ளி

உக்கடத்தில் இருந்து அமீர் ஹம்சா பாய் வந்திருந்தார். முப்பது வருஷமாக எங்கள் வண்டிகளைப் பார்க்கிறவர். இப்போது கண்ணில் புரை. நட்டைத் தடவித்தான் சைஸ் சொல்கிறார்.

"ஏனுங் பாய், கண்ணு தெரியாம வண்டி பாக்கறீங்களே?"

"வண்டிக்கும் தெரியலீங்கம்மா, ரெண்டு லைட்டும் எரியல. ஜோடிப் பொருத்தம் சரியா இருக்குது."

பவர் ஸ்டியரிங் மாட்டிவிட்டார்கள். தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விட, கூரை வரைக்கும் ஒரு குழாய். சாயங்காலம் மௌனிகா ஒற்றை ஆளாக லாரியைத் திருப்பி நிறுத்தினாள். ரோட்டில் போன பொம்பளைகள் நின்று பார்த்தார்கள். "என்ர பேத்திங்க" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

இடுப்பு விட்டுப் போச்சு. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

நாளைக்கு ஆயுத பூஜை. தறிக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. மௌனிகா ஏதோ சாமான் வாங்கச் சேலம் போய் மூன்று நாளாகிறது. லாரி மட்டும் அவள் ஓட்டிப் பார்த்த சேற்றோடு நின்றது. பூஜையன்றைக்கு எங்கள் வாசலில் ஒரு வண்டி அழுக்காய் நின்றதாக யாரும் சொல்லக் கூடாது.

ஓஸ் பைப் போட்டுச் சக்கரத்தைக் கழுவினேன். கெட்டிச் சேறு போனதும் உள்ளே நட்டெல்லாம் துருவும் சிவப்புமாக, வெற்றிலை துப்பிய சுவர் மாதிரி இருந்தது. உப்புத்தாள் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். கேட்டுக்கு அடித்து மீந்த வெள்ளிப் பெயிண்ட் இருந்தது. நாலு சக்கரம், அத்தனை நட்டு, காற்றடிக்கிற மூக்கு வரைக்கும் ஒன்று விடவில்லை. மத்தியானச் சோறு நாலு மணிக்குத்தான் தின்றேன்.

எழுபத்தொரு வயசு.

புரட்டாசி 15, புதன்

மௌனிகா விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பார்த்ததும் கட்டிக்கொண்டாள். "அப்பத்தா! கல்யாணப் பொண்ணு கணக்கா ஆக்கிப்போட்டீங்களே!" சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சை நசுக்கி, பூசணி சுற்றி உடைத்தோம். நவநீத்தே ஒரு போட்டோ எடுத்தான்.

புரட்டாசி 30, வியாழன்

ஹம்சா பாய் போன் பண்ணினார். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாராம்.

"மௌனிகா அம்மணிக்கு அகல டயர் மாத்தணுமாமுங்க. நா வர இன்னும் நாளாகும். துடியலூர் சீனிவாசலு கடைக்குப் போகட்டும். ஒண்ணே ஒண்ணுங்கம்மா. அந்தச் சக்கரம் ஒரே தட்டு இல்ல. ரெண்டு பாதிய முகத்தோட முகம் வெச்சு நட்டுப் போட்டு முடுக்கினது. அந்த நட்டுக்கு மட்டும் பட்டாளத்துல சிவப்பு அடிச்சு வெப்பாங்க. உள்ள காத்து இருக்கறப்ப அதைக் கழட்டினா தட்டு பறந்துபோடும். முன்னால இருக்கறவன் மூஞ்சி மிஞ்சாதுங்க. சிவப்பத் தொடாதேன்னு அம்மணிகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"சரிங் பாய்" என்றேன். போனை வைத்தேன்.

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு வட்டம். உள்ளே எட்டு நட்டு, வெளியே பன்னிரண்டு. எல்லாம் வெள்ளி. எந்த வட்டம் சிவப்பாக இருந்தது? உள்ளா, வெளியா? நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒரு பொட்டு மிச்சம் இல்லை. வேலை என்றால் சுத்தமாகச் செய்கிறவளாச்சே நான்.

ஐப்பசி 5, புதன்

தீபாவளி போனது. பலகாரம் செய்தேன், வாயில் வைக்கவில்லை. சுகர் என்று சொல்லிவிட்டேன்.

ஹம்சா பாய்க்கு நானே போன் போட்டேன். பேச்சோடு பேச்சாக, "அந்தச் சிவப்பு நட்டு உள் வட்டமுங்களா, வெளி வட்டமுங்களா?"

"அம்மணிக்குக் கண்ணு நல்லாத்தானுங்கம்மா இருக்குது. சிவப்பு தெரியாமயா போகும்?" என்று சிரித்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்த மாதிரி சத்தம். வைத்துவிட்டேன்.

சொன்னால் என்ன? நவநீத் காதுக்குப் போகும். பழைய இரும்புக்காரனுக்கு அன்றைக்கே ஆள் அனுப்புவான். பேத்தியின் ஐந்து மாசத்து வேலை என்னால் போனதாகும். இதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் —

இல்லை. இந்த வீட்டில் அடுத்தவர் தப்பைச் சொல்கிறவள் நான். என் தப்பைச் சொல்லிப் பழக்கமில்லை.

அவள் டயர் மாற்றப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். என்னிடம் சொல்லாமலா போவாள்.

ஐப்பசி 10, திங்கள்

சொல்லாமல் போய்விட்டாள். நான் கோயிலுக்குப் போன நேரத்தில், எட்டு மணிக்கே லாரியை எடுத்துவிட்டாளாம். நாலு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அந்த எஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கும்.

பஸ்ஸுக்குப் போகிறேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். எழுத்து கோணல்.

கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி காந்திபுரம், அங்கிருந்து மாறித் துடியலூர். இரண்டு மணி நேரம். பாதி வழியில்தான் உறைத்தது. ஹம்சா பாய்க்கு ஒரு போன் போட்டிருந்தால் அவர் கடைக்காரனைக் கூப்பிட்டு நிறுத்தியிருப்பார். அப்படியானால் அவரிடம் சொல்லியாக வேண்டுமே. அதனால் பஸ்ஸில் போனேன். அப்போதும் போடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே போனேன். எப்பேர்ப்பட்ட மானம் பாருங்க என்னுது!

கடையில் லாரியை ஜாக்கியில் தூக்கியிருந்தார்கள். சீனிவாசலு முன் சக்கரத்துக்கு நேராகக் குந்தி வெளி வட்டத்தில் ஸ்பானரைப் போட்டிருந்தார். மூன்று நட்டு ஏற்கனவே கீழே கிடந்தது. மௌனிகா அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகம் சக்கரத்துக்கு அத்தனை கிட்டே.

"கையை எடுங்க! எடுங்கய்யா கையை!" கத்தியது நான்தான். என் குரல் மாதிரியே இல்லை.

"ஏனுங்கம்மா, நாப்பது வருசமா டயர் கழட்டறேன். காத்து எறக்காமயா உக்காருவேன்? கொஞ்சம் சீறுச்சு, நின்னுபோச்சு. காலிங்க."

"சிவப்பு நட்டு ஒண்ணையுமே காணமே அப்பத்தா. இது வேற மாதிரிச் சக்கரம்னு நெனச்சுட்டேன்" என்றாள் மௌனிகா.

அங்கே டீ குடிக்கிறவன், பஞ்சர் ஒட்ட வந்தவன் என்று ஏழெட்டுப் பேர். எல்லோர் முன்னாலும் சொன்னேன். "சிவப்பு இருந்துச்சு. நாந்தான் தேச்சுப்போட்டு வெள்ளி அடிச்சேன். காத்து மூக்குலயும் அடிச்சுப்போட்டேன்."

சீனிவாசலு எழுந்தார். தள்ளி நின்று ஒரு கம்பியை எடுத்து அந்த மூக்குக்குள் விட்டுக் குத்தினார். காய்ந்த பெயிண்ட் துணுக்கு ஒன்று தெறித்தது. அதற்குப் பிறகு சீறியது காற்று. ஒருத்தர் கையில் இருந்த டீ ஆறுகிற வரைக்கும் சீறியது. அவர் கீழே கிடந்த மூன்று நட்டையும் பார்த்தார். பிறகு போய் முகம் கழுவிவிட்டு வந்தார். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

நாலு அகல டயரும் மாட்டித் திரும்பும்போது மௌனிகா என்னை லாரியில் ஏற்றிவிட்டாள். அவிநாசி ரோட்டில் ஏறினோம். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்ப இருந்து தெரியும் உங்களுக்கு?"

"பதினொரு நாளாச்சு கண்ணு."

கியரை மாற்றி ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

ஐப்பசி 13, வியாழன்

சுகர் 241. மௌனிகா தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். பேசவில்லை.

ஐப்பசி 16, ஞாயிறு

சாப்பிடும்போது நவநீத்திடம் நானே சொல்லிவிட்டேன். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரியும். என் தப்பைவிட அதுதான் பாரமாக இருந்தது.

அவன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தான். "நீங்களாம்மா?" என்றான். பிறகு, "நாளைக்கே அந்த இரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்றேன்."

மௌனிகா தலையைத் தூக்கவில்லை. "வண்டி தப்புப் பண்ணலீங்ப்பா" என்றாள்.

யார் பண்ணினது என்று அவள் சொல்லவில்லை. நான் மோர் ஊற்றினேன். ரசம் ஊற்ற மறந்துபோனது.

ஐப்பசி 18, செவ்வாய்

இரும்புக்காரன் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. நவநீத் சொன்னானா இல்லையா, நான் கேட்கவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

காலையில் மௌனிகா நாலு டயரிலும் காற்றை இறக்கினாள். கம்பி விட்டுக் குத்திப் பார்த்தாள், கை வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு, சின்ன டப்பா ஒன்றையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்தாள். சிவப்பு.

"வெளி வட்டம் மட்டும். எண்ணிட்டே அடிங்க."

பதின்மூன்று நாளுக்கு அப்புறம் என்னிடம் பேசிய பேச்சு அது. எண்ணிக்கொண்டே அடித்தேன். பன்னிரண்டு. அவள் பின்னாலேயே விரலை வைத்து எண்ணினாள். பன்னிரண்டு. நாலு சக்கரத்துக்கும் இப்படியே. நடுவில் எழுந்திருக்க முடியவில்லை. அவள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். கை முழுக்கக் கிரீஸ், என் சேலையெல்லாம் ஆகிவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை நான்.

சாயங்காலம் ஹம்சா பாய் வந்தார், கறுப்புக் கண்ணாடி இல்லாமல். மௌனிகா எல்லாம் சொல்லியிருக்கிறாள். சக்கரத்தைச் சுற்றி வந்தார். தடவவில்லை, பார்த்தார்.

"பட்டாளத்துக்காரன்கூட இவ்வளவு திருத்தமா அடிக்க மாட்டானுங்கம்மா" என்றார். எனக்கு அது சுருக்கென்றது. தேவைதான்.

கார்த்திகை 14, ஞாயிறு

சுகர் 172.

மௌனிகா நேற்றே லாரியில் எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள். கிளம்புவதற்கு முன் அவள் நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தாள், நானும் பின்னாலேயே சுற்றினேன். என்னைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பகல் பூராவும் போன் வரவில்லை. நவநீத் ஞாயிற்றுக்கிழமையும் தறியைக் காரணம் சொல்லி வெளியே போகாமல் வீட்டிலேயே இருந்தான். ஐந்து மணிக்கு அவன் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. மலை இல்லை, சேறு இல்லை, அவள் முகம்கூட இல்லை. ஒரே ஒரு சக்கரம். சுற்றிலும் களிமண் அப்பியிருக்கிறது. சிவப்பு நட்டு இருக்கிற இடத்தை மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறாள். கீழே, "முடிச்சுட்டோம். தானா வாரோம்" என்று எழுதியிருக்கிறாள்.

நவநீத் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

"எத்தனைங்மா அது?"

"பன்னெண்டு."

எண்ணிப் பார்த்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தான். பிறகு செட்டுப் போடுகிற ஆளைக் கூப்பிட்டு, தையில் வரச் சொன்னான். தறிச் செட்டுக்கு வாசல் வேண்டாமாம், கிணற்றுப் பக்கம் இடம் அளக்க வேண்டுமாம்.

வாசல் விளக்கைப் போட்டு வைத்திருக்கிறேன். பெரிய வண்டி, திருப்ப இடம் வேண்டும். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிடந்த அம்மிக்கல்லை ஆள் வைத்து நகர்த்தியாயிற்று.