வேலி தாண்டாத ஒன்பது கிலோபைட்

அன்பு மாப்ளே குமரேசா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: உன் மச்சானின் மேலுதட்டில் ஐந்தாவது முடி முளைத்துவிட்டது. முடிசூட்டு விழா தேதி பின்னர். உன்னிடம்தான் முதலில் காட்டக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு வந்த பொறவுதான் நீ இல்லை என்று உறைத்தது.

அடுத்த சேதி. நாம் எழுதிய குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுகிறது மாப்ளே! நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையை ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிவந்து, பிளாப்பியைப் போட்டுக் காட்டினேன். பத்துத் தடவை. ஒரு தடவைகூட முன்னே மாதிரி நடுவில் நிற்கவில்லை. திரையில் உன் பெயர் வந்ததும் அத்தை முந்தானையால் அதைத் துடைத்தது. தூசி ஒன்றும் இல்லை.

கோளாறு எதில் தெரியுமா? பிளாப்பியிலிருந்து மெமரிக்குத் தகவல் சுமக்கிற சிப்புக்கு அறுபத்துநாலு கிலோபைட்டுக்கு ஒரு வேலி. நாம் ஒதுக்குகிற இடம் வேலிக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாக விழுந்தால் அது தாண்டாது. திரும்பிப் போய், அந்த அறுபத்துநாலின் தொடக்கத்தில் இருப்பதன் மேலேயே கொட்டிவிடும். அதனால் ஒன்பது கிலோபைட் தேவைக்குப் பதினெட்டாகக் கேட்டு வாங்கி, வேலி குறுக்கே வராத ஒன்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடித்தேன், திருத்தினேன். சென்டரில் இப்போது என்னை டாக்டர் என்கிறார்கள்!

அத்தைதான் கெடுத்தது. "எம்புள்ள வச்ச தப்ப நீ சரி பண்ணிட்டியேய்யா" என்றது. ஆஸ்பத்திரியில் நீ கடைசியாக எழுதிய நோட்டில் அப்படித்தானே இருக்கிறது? 'தப்பு என்னோடது. படிக்கிற பகுதியைத் திரும்ப எழுதணும்.'

நான் தலையாட்டினேன் மாப்ளே.

அந்தப் பதினெட்டை முதலில் எழுதியதே நீதான். "ஏலே, ஒல்லிக்குச்சி ஒருத்தன் உக்கார ரெண்டு சீட்டா?" என்று சிரித்தேனே, ஞாபகமிருக்கா? நீ மஞ்சக்காமாலையில் படுத்த வாரம், இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை ஒன்பதாக வெட்டியவன் நான். பொறவு அது நடுநடுவே நிற்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் "இன்னும் நிக்குதாலே?" என்று நீ கேட்டபோது "ஆமா" என்றேன். வெட்டியதைச் சொல்லவில்லை. அதுதான் காரணமென்று அப்போது தெரியாது, சத்தியமா. போன வாரம்தான் தெரிந்தது. நேற்று தெரிந்தேதான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். உன் நோட்டில் அந்த வரியை அடித்து, கீழே என் கையெழுத்தையும் போடுகிறேன்.

டாக்டர் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட,
உன் மாமன் மகன்
செல்வம்